நாலு நிமிடம் இருபது விநாடி

நாகேந்திரனுக்கு நாற்பத்தாறு வயது. அதில் பத்தொன்பது வருடத்தை ஊரார் அலமாரிகளுக்குள் தலையை விட்டே கழித்துவிட்டார். கல்லூரியோ வங்கியோ ஆஸ்பத்திரியோ, நெட்வொர்க் ஸ்விட்சை எங்கே மாட்டியிருப்பார்கள் என்று அவருக்கு யாரும் வழி சொல்லத் தேவையில்லை. துடைப்பமும் பினாயிலும் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதுவும் இருக்கும். கட்டடத்தில் உள்ள கம்ப்யூட்டர்களெல்லாம் அந்த ஒரு பெட்டியை நம்பித்தான் ஓடுகின்றன, ஆனால் அதற்குக் கிடைக்கிற மரியாதை அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் அதே மரியாதைதான்.

அன்றைக்குக் காலை சித்தூரிலிருந்து திருப்பதிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். சந்திரகிரியில் ஒரு சீட்டு கிடைத்தது. உட்கார்ந்து முதுகைச் சாய்ப்பதற்குள் ஊர் வந்துவிட்டது. இறங்கும்போதே முதலாளி பிரபாகர் போனில் பிடித்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரில ஏதோ ஸ்பீக்கர் பிரச்னையாம் நாகேந்திரா. அரை மணி நேர வேலை. முடிச்சிட்டு ரெண்டு மணிக்கெல்லாம் சித்தூர் காலேஜுக்கு வந்துடு, அவங்க காலைலேர்ந்து உயிர எடுக்கறாங்க."

பிரபாகர் சொல்கிற அரை மணி நேரம் உலகத்தில் எந்தக் கடிகாரத்திலும் கிடையாது. நாகேந்திரன் "சரி" என்றார். பத்தொன்பது வருடத்தில் அவர் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

ஆஸ்பத்திரி பழக்கமான இடம். பழைய கட்டடம் ஒன்று, அதை ஒட்டிப் புதிய கட்டடம் ஒன்று. கை கால் முறிந்தவர்களெல்லாம் புதிய கட்டடத்தில். இருபத்திரண்டு நாளைக்கு முன்னால்தான் அவர் இங்கே வந்து போயிருந்தார். அப்போது புகார் வேறு. புதிய கட்டடத்தில் எக்ஸ்ரே படங்கள் டாக்டர்களின் திரையில் திறப்பதற்குள் விடிந்துவிடுகிறது என்று கத்தினார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பழைய கட்டடத்துக் கேமராக்களெல்லாம் தங்கள் படத்தை மல்டிகாஸ்ட் முறையில் அனுப்பிக்கொண்டிருந்தன. ஒருவர் பேசுவதைப் பலர் ஒரே சமயத்தில் கேட்பதற்கான ஏற்பாடு அது. யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று ஸ்விட்சுக்குத் தெரியாவிட்டால் எல்லார் வாசலிலும் கொண்டுபோய்க் கொட்டிவிடும். எக்ஸ்ரே கம்ப்யூட்டர்களின் வாசலிலும் அப்படித்தான் கொட்டிக்கொண்டிருந்தது.

நாகேந்திரன் புதிய கட்டடத்து ஸ்விட்சில் ஸ்னூப்பிங் என்ற அமைப்பை இயக்கிவைத்தார். இனிமேல் கேட்டவர்களுக்கு மட்டும் கொடு, கேட்காதவர்களுக்குக் கொடுக்காதே என்று அதற்கு உத்தரவு. எக்ஸ்ரே படம் பட்டென்று திறந்தது. எலும்பு டாக்டர் ஒருவர் தன் கையாலேயே காபி வாங்கிக்கொடுத்தார். அந்தக் காபியின் ருசி மூன்று நாள் நாக்கில் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

இந்த முறை காபி வரும் என்று தோன்றவில்லை. நிர்வாக அதிகாரி மனோரமாவின் அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் மனோரமா உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் பிரமிளா நின்றுகொண்டிருந்தாள். பிரமிளா அறிவிப்புப் பிரிவில் இருப்பவள். இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடி அறை உண்டு. அதில் மைக்கை வைத்துக்கொண்டு, நோயாளியின் ஆட்களை முதலில் தெலுங்கிலும் பிறகு தமிழிலும் கூப்பிடுவதுதான் அவள் வேலை. புத்தூர்க்காரி. ஆறு வருடமாக அவள் குரல்தான் அந்த ஆஸ்பத்திரிக்குக் குரல்.

மனோரமா தெலுங்கில் சுருக்கமாக விஷயத்தைச் சொன்னாள். ஒன்பது நாளைக்கு முன்னால் ரத்தினம்மா என்ற நோயாளிக்கு இடுப்பில் ஆபரேஷன் செய்யவேண்டியிருந்தது. தியேட்டர் வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். மயக்க மருந்தில் ஏதோ மாற்றம், அதற்கு வீட்டு ஆள் ஒரு கையெழுத்துப் போடவேண்டும். மூன்று தடவை கூப்பிட்டு ஆள் வராவிட்டால் அடுத்த நோயாளி என்பது விதி. ஆள் வரவில்லை. ஆபரேஷன் செய்கிற டாக்டர் வெளியூரிலிருந்து வாரம் ஒரு நாள் வருகிறவர். அடுத்த வாரம் அவர் வந்தபோது ரத்தினம்மாவுக்குக் காய்ச்சல். இன்றைக்கும் அந்த அம்மாள் காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். அவளுடைய மகன் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறான். யாரும் கூப்பிடவே இல்லை என்கிறான் அவன்.

"நான் கூப்ட்டேன் மேடம்" என்றாள் பிரமிளா. அழுது முடித்த குரல் அது. "மூணு தபா கூப்ட்டேன். ரெண்டு பாஷைலயும் கூப்ட்டேன்."

"நீ கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். கேட்கவில்லை என்றால் ஸ்பீக்கர் கெட்டிருக்க வேண்டும். அதைப் பார்க்கத்தான் இவரை வரவழைத்தேன்" என்றாள் மனோரமா. குரலில் கோபமில்லை. அவள் கண்ணைப் பார்த்தால் அவளும் சரியாகத் தூங்கி நாளாகியிருக்கும் போலிருந்தது. "ஸ்பீக்கர் நன்றாக இருந்தால் இன்றைக்கு உன் கணக்கை முடித்துவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. எனக்கு வேறு வழியில்லை."

நாகேந்திரன் மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்தார். துடைப்பத்தை எடுத்து வெளியே வைத்தார். பிறகு, இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு முதலில் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். ஸ்விட்சை அணைத்து, பத்து எண்ணி, மறுபடியும் போட்டார். புதிய கட்டடத்து ஸ்பீக்கர்களுக்கு மின்சாரமே அந்த ஸ்விட்சிலிருந்துதான் போகிறது. அதனால் பன்னிரண்டு ஸ்பீக்கரும் ஒருமுறை செத்துப் பிழைத்தன. அவற்றின் சின்னப் பச்சை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன.

"பேசச் சொல்லுங்க" என்றார்.

பிரமிளா கண்ணாடி அறைக்குள் போய் மைக்கில் ஒன்று, இரண்டு, மூன்று என்றாள். காத்திருக்கும் கூடம் முழுவதும் அவள் குரல் கணீரென்று கேட்டது. நாகேந்திரன் மாடிக்குப் போய் அங்கேயும் கேட்டார். நன்றாக இருந்தது. எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம். மனோரமா நீட்டிய படிவத்தில், ஸ்பீக்கர்கள் அனைத்தும் சரியாக இயங்குகின்றன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிரமிளா அந்தத் தாளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நல்லா பாத்தீங்களாண்ணா?"

"பாத்தேம்மா. எல்லாம் நல்லாதான் இருக்குது."

மதியம் வரைக்கும் ஷிப்டை முடித்துக்கொடுத்துவிட்டுப் போ என்று மனோரமா சொல்லிவிட்டாள். மாற்று ஆள் அதுவரைக்கும் கிடையாது. ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பும்போதும் ஷிப்டு விட்டுப்போகக் கூடாது பாருங்கள்.

நாகேந்திரனுக்கு உடனே கிளம்ப வேண்டும்தான். சித்தூர் பஸ் பன்னிரண்டு மணிக்கு. ஆனால் முழங்கால் கேட்கவில்லை. புதிய கட்டடத்துக் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. ஐந்து நிமிடம் உட்கார்ந்து போகலாம் என்று உட்கார்ந்தார். மனசு என்னவோ உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு பெண்ணின் வேலை போவதற்கு நம் கையெழுத்தா சாட்சி என்று ஒரு பக்கம். உள்ளதைத்தானே எழுதினோம் என்று இன்னொரு பக்கம். இரண்டையும் கேட்கிற தெம்பு அவருக்கில்லை.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர். முழங்கை வரைக்கும் மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, மடியில் ஒரு பிளாஸ்க். அவராகவே பேச்சைத் தொடங்கினார்.

"ஆருக்குப்பா ஒடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்ல பெரியவரே. வேலையா வந்தேன்."

"புண்ணியவான்" என்றார் பெரியவர். "எம் பொஞ்சாதி மேல கீறா. மாட்டுக் கொட்டாய்ல வழுக்கி வுழுந்துட்டா. இடுப்பெலும்பு. சத்தியவேட்டாண்ட எங்க ஊரு. நாகபூஷணம்னு கேட்டா சொல்லுவாங்கோ. அவ பேரு ரத்தினம்மா."

நாகேந்திரனுக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. எழவில்லை.

"அன்னிக்கி ஆபரேசன் பண்றோம்னு தள்ளிக்கினு பூட்டாங்கோ. கையெழுத்து போட ஆள் வான்னு மைக்ல கூப்ட்டாங்களாம். மூணு தபா. நான் இதே சேர்ல குந்திக்கினு கீறேன். ஒண்ணுக்குக் கூட எழுந்து போவல. எனக்குக் கேக்கலப்பா." பெரியவர் பிளாஸ்கின் மூடியைத் திருகினார், திறக்கவில்லை. "எம் புள்ள ஸ்ரீசிட்டில கம்பெனில கீறான். உள்ள போனா செல்போன வாங்கி வச்சிக்குவாங்கோ. அவன் சாயங்காலம் வந்து, நீங்க கூப்புடவே இல்லன்னு இவங்ககிட்ட ஒரே சண்ட. அவன் புள்ள. அப்பன உட்டுக்குடுக்க மாட்டான். ஆனா எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணு கூப்ட்டுதான் இருக்கும். என் காதுதான் பூடுச்சி."

"வீட்ல பேசறது கேக்குதா?"

"நீ பேசறது கேக்குது. ஆனா தூரத்துல பேசறது பூடுச்சின்னு நெனைக்கறேன். வயசாச்சில்ல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ எங்கூட பேசறதில்ல. ஒம்போது நாளாவுது. அவள அங்க படுக்க வச்சிட்டு நான் எங்கியோ தூங்கிட்டேன், இல்லன்னா டீக்கட பக்கம் பூட்டேன்னு நெனச்சிக்கினு கீறா. ராத்திரியில வலில மொனவறா, இன்னா ஓணும்னு கேட்டா செவுத்து பக்கம் திரும்பிக்கிறா. நாப்பத்தோரு வருசத்துல அவ இப்பிடி இருந்ததில்லப்பா."

காதை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லலாமா என்று நாகேந்திரன் யோசித்தார்.

"இப்பக்கூட பாரு" என்று பெரியவர் அவர் முழங்கையைத் தொட்டார். "அந்தக் கண்ணாடி ரூமப் பாரு. வாயி அசையுது பாரு. எனக்கு ஒண்ணும் கேக்கல. இன்னா சொல்லுது அந்தப் பொண்ணு? நம்ம பேரா?"

நாகேந்திரன் பார்த்தார். கண்ணாடிக்கு அப்பால் பிரமிளா மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். வாய் அசைந்தது. நிறுத்தி, தாளைப் பார்த்து, மறுபடியும் அசைந்தது. கூடத்தில் மின்விசிறி கடகடத்தது. ஒரு குழந்தை அழுதது. தள்ளுவண்டியின் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு போனது. தலைக்கு நேர் மேலே ஸ்பீக்கர், அதில் பச்சை விளக்கு ஜோராக எரிந்துகொண்டிருந்தது.

நாகேந்திரனுக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்விட்சை அணைத்துப் போட்டு பதினான்கு நிமிடம் ஆகியிருந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் முழுக் கதையும் அவருக்கு விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருந்தால் தேவலை என்றும் தோன்றியது.

பிரமிளாவின் குரலும் மல்டிகாஸ்டில்தான் வருகிறது. ஸ்பீக்கர் உயிர் பெற்றதும், எனக்கு வேண்டும் என்று ஒரு தடவை ஸ்விட்சிடம் சொல்லும். ஸ்விட்ச் குறித்துக்கொள்ளும். ஆனால் அந்தக் குறிப்புக்கு ஆயுள் நாலு நிமிடம் இருபது விநாடி. அதற்குள் யாராவது, இன்னும் வேண்டுமா, இன்னும் வேண்டுமா என்று அவ்வப்போது ஸ்பீக்கர்களைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கேட்டால் அவை பதில் சொல்லும், குறிப்பு புதுப்பிக்கப்படும். அப்படிக் கேட்கிறவனுக்கு க்வெரியர் என்று பெயர். ஸ்னூப்பிங்கை இயக்கினால் அவனையும் சேர்த்து நியமிக்க வேண்டும். இரண்டே வரி. அன்றைக்கு எக்ஸ்ரே படம் பட்டென்று திறந்த சந்தோஷத்தில் நாகேந்திரன் அந்த இரண்டு வரியை எழுதவில்லை. கேட்க ஆளில்லாததால் நாலு நிமிடம் இருபது விநாடி ஆனதும், இவர்களுக்கு வேண்டாம் போலிருக்கிறது என்று ஸ்விட்ச் கதவைச் சாத்திவிட்டது. அணைத்துப் போட்டால் மறுபடியும் நாலு நிமிடம் வேலை செய்யும். சோதிக்க வருகிறவர் முதலில் அணைத்துத்தான் போடுவார், மூன்று நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

பழைய கட்டடத்தில் எந்த மாற்றமும் இல்லை. அங்கே கேட்டுக்கொண்டிருந்தது. மைக் இருக்கும் அறையில் ஸ்பீக்கர் வைத்தால் ஊளையிடும் என்பதால் அங்கே வைப்பதில்லை. பிரமிளாவுக்குத் தன் குரல் பழைய கட்டடத்துத் தாழ்வாரத்திலிருந்து திரும்பிவந்து காதில் விழும். அதனால் எல்லாருக்கும் கேட்கிறது என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். புதிய கட்டடத்து நர்சுகள் ஆட்களைத் தேடிக் கீழே இறங்கிவந்து கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். கிராமத்து ஜனங்களுக்குக் கவனம் போதாது என்று அவர்களுக்கு நினைப்பு. கேட்காதவர்களுக்கோ, தங்களுக்குத்தான் கேட்கவில்லை என்று நினைப்பு.

நாகேந்திரன் லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஸ்விட்சுக்குள் போக முடியும். போனார். அந்த இரண்டு வரியையும் அடித்தார். என்டர் பட்டனின் மேல் விரல் நின்றது.

அழுத்தினால் தீர்ந்தது. இந்த நிமிடத்திலிருந்து ஸ்பீக்கர்கள் பேசும், நாளைக்கும் பேசும். பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம். நடந்தது ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. அவர் எழுதிக்கொடுத்த தாளும் பொய்யாகாது. அழுத்திவிட்டால் பிரமிளா கூப்பிட்டாள் என்பதற்கு இந்த உலகத்தில் ஒரு அத்தாட்சியும் மிஞ்சாது என்பதும் அவருக்குத் தெரிந்தது. தப்புச் செய்தவர்கள் பயப்படுவார்கள் என்று சொல்வார்கள். அவருக்குப் பயத்தைவிட அலுப்புத்தான் அதிகம் இருந்தது. இனி மனோரமாவின் அறைக்குப் போக வேண்டும், சொல்ல வேண்டும், கேட்டவர்கள் கத்துவார்கள், பிரபாகர் கத்துவார். அதற்கெல்லாம் உடம்பில் எங்கே இடம்?

"இன்னாப்பா, கேட்டுதா? நம்ம பேரா?" என்றார் நாகபூஷணம் மறுபடியும்.

நாகேந்திரன் லேப்டாப்பை மூடினார். "நைனா, இங்கயே இருங்க. நான் தோ வரேன்" என்று எழுந்தார்.

மனோரமா முதலில் வரமாட்டேன் என்றாள். அதான் சரியாக இருக்கிறதென்று எழுதிவிட்டீர்களே என்றாள். "மேடம், ஒரே நிமிஷம் வந்து நில்லுங்க. ஒண்ணும் பேசாதீங்க, நின்னா போதும்" என்று கெஞ்சிக் கூட்டிவந்தார். கூடத்தின் நடுவில் நிறுத்தினார். கண்ணாடிக்கு அப்பால் இருந்த பிரமிளாவைப் பார்த்து, கூப்பிடு என்று கையால் காட்டினார். பிரமிளா கூப்பிட்டாள். அவள் கழுத்து நரம்பு புடைப்பது தெரிந்தது. மனோரமா மேலே ஸ்பீக்கரைப் பார்த்தாள், பச்சை விளக்கைப் பார்த்தாள், மறுபடியும் பிரமிளாவின் வாயைப் பார்த்தாள். விவரமான பெண்மணி. இரண்டாவது தடவை கூப்பிடச் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

"எத்தனை நாளாக?"

"இருபத்திரண்டு நாளா மேடம். நான் எக்ஸ்ரேக்காக வந்துட்டுப் போன அன்னிலேர்ந்து. என் தப்புதான்."

மனோரமா அவரை மாடிப்படிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். உடனே சரிசெய்துவிடுங்கள் என்றாள். எழுத்தில் ஒன்றும் வேண்டாம் என்றாள். ஸ்பீக்கர் இருபத்திரண்டு நாள் ஊமையாக இருந்தது என்று தாளில் வந்தால் அந்த மகன் கோர்ட்டுக்குப் போவான், மற்றவர்களும் வருவார்கள். ஒரு பெண் ஒருநாள் கூப்பிட மறந்துவிட்டாள் என்பதோடு நின்றால் ஆஸ்பத்திரிக்கு நல்லது. பிரமிளாவுக்கு வேறெங்காவது வேலைக்குத் தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னாள். கெட்டவள் இல்லை. பத்து பேருக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனவள். அந்தக் களைப்பு நாகேந்திரனுக்கு நன்றாகப் புரிந்தது, அதனாலேயே கோபம் வரவில்லை.

"காலைல எழுதிக் குடுத்த தாளக் குடுங்க மேடம்" என்றார்.

"எழுதினால் உங்கள் கம்பெனிக்கு இந்த ஆஸ்பத்திரி கிடையாது. உங்களுக்கு உங்கள் கம்பெனியும் இருக்காது. தெரியுமல்லவா?"

"தெரியுது மேடம். குடுங்க."

ஏன் கேட்டார் என்று அவரையே கேட்டால் சொல்லத் தெரியாது. வீரமெல்லாம் இல்லை. பத்தொன்பது வருடமாகப் போகிற இடத்திலெல்லாம் 'சரியாக இருக்கிறது' என்று எழுதிவிட்டு பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறார். எத்தனை இடத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் நாலு நிமிடம் இருபது விநாடியில் என்னென்ன நின்றதோ. அதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது. இந்த ஒரு தாளிலாவது பொய் இருக்க வேண்டாம் என்று பட்டது, அவ்வளவுதான்.

மனோரமா கண்ணாடி அறையில் இருந்த பிரமிளாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். மாடிப்படியின் கைப்பிடிச் சுவரில் வைத்து, காலையில் எழுதியதற்குக் கீழே எழுதினார். தெலுங்கு அவருக்குப் பேச்சில் சரளம், எழுத்தில் தடுமாற்றம். அதனால் எழுத்தெண்ணி எழுதவேண்டியிருந்தது. ஸ்விட்சில் நான் செய்த தவறான அமைப்பால் புதிய கட்டடத்தில் அறிவிப்புகள் கேட்கவில்லை, அறிவிப்பாளர் பிரமிளா மேல் குற்றமில்லை. தேதி போட்டு, நேரம் போட்டுக் கையெழுத்திட்டார். தன் செல்போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டார். அதன் பிறகுதான் லேப்டாப்பைத் திறந்து என்டரைத் தட்டினார்.

சித்தூருக்குப் போன் போட்டுப் பிரபாகரிடமும் சொன்னார். பிரபாகர் கத்தவில்லை. "நாளைக்கு லேப்டாப்ப ஆபீஸ்ல குடுத்துட்டுப் போ நாகேந்திரா" என்று மட்டும் வந்தது. "சரி" என்றார். அந்த வார்த்தை வாயில் ரெடியாகத்தான் இருந்தது.

கண்ணாடி அறையில் பிரமிளாவிடம் படத்தைக் காட்டினார். இரண்டு தடவை படித்தாள். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப இருபத்திரெண்டு நாளா அந்தப் பக்கம் யாருக்குமே கேக்கலியா?"

"கேக்கலம்மா."

"லேட்டா வந்தவங்கள எல்லாம் திட்டினேண்ணா. ஒரு அம்மா வந்துச்சி, காதுல பஞ்சா வச்சிக்கினு இருக்கன்னு கேட்டேன். அது ஒண்ணும் பேசாம தலய குனிஞ்சிக்கினு போச்சி. அந்த அம்மா எந்த ஊருன்னுகூட எனக்குத் தெரியாது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு ஒரு அஞ்சு நிமிஷம் நின்னு பாத்திருக்கலாமில்லண்ணா?"

"நின்னிருக்கலாம்மா."

"ஏன் நிக்கல?"

"சித்தூர் பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சி" என்றார் நாகேந்திரன். வேறு காரணம் எதையாவது சொல்லலாம் என்று தேடிப்பார்த்தார், கிடைக்கவில்லை.

பிரமிளா மைக்கை எடுத்தாள். யாரோ ஒருவரின் ஆட்களை மருந்துக் கடைக்கு வரச்சொன்னாள், தெலுங்கில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. கண்ணாடிக்கு அப்பால் கூடத்தில் ஏழெட்டுத் தலைகள் ஒன்றாக நிமிர்ந்தன. நாகேந்திரன் நிற்க வேண்டிய ஐந்து நிமிடத்தை இப்போது நின்றார். பத்து நிமிடம் நின்றார். ஒவ்வொரு அழைப்புக்கும் தலைகள் நிமிர்ந்துகொண்டிருந்தன.

நாகபூஷணம் அந்த நாற்காலியிலேயே இருந்தார். "இப்ப கேக்குதுப்பா" என்றார் ஆச்சரியத்தோடு. "நல்லா கேக்குது. இது இன்னா காது, வருது, போவுது?"

நாகேந்திரன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். ஸ்விட்ச், ஸ்னூப்பிங் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் காது நன்றாக இருக்கிறது, அன்றைக்கு ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை, செய்யாமல் போனது என்னால் என்று மட்டும் சொன்னார். பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று நாகேந்திரன் நினைத்தார். அவர் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது. வா. அவகிட்ட சொல்லு."

ரத்தினம்மா மூன்றாவது மாடியில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். வலது காலிலிருந்து ஒரு கயிறு கட்டிலின் விளிம்பைத் தாண்டிப் போய், அதில் எடை தொங்கிக்கொண்டிருந்தது. முகம் சுவரைப் பார்த்திருந்தது. காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"இவரு இன்னாவோ சொல்லணுமாம்" என்றார் நாகபூஷணம், கட்டிலுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு.

நாகேந்திரன் மறுபடியும் சொன்னார். கீழே சொன்னதைவிட இங்கே சொல்வது கஷ்டமாக இருந்தது, அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே சொல்லவேண்டியிருந்தது. "உங்க வலிக்கு நான்தான் காரணம் அம்மா. மன்னிச்சிடுங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல" என்றார்.

ரத்தினம்மா மெல்லத் தலையைத் திருப்பினாள். நாகேந்திரனைப் பார்த்தாள். மன்னித்தேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. அவளுக்கு வேண்டியது வேறாக இருந்தது.

"அப்ப இவரு தூங்கல?"

"தூங்கலம்மா."

"எங்கியும் எழுந்து போவல?"

"போவல. ஸ்பீக்கருக்குக் கீழேயே உக்காந்துக்கினு இருந்திருக்காரு. கேட்டிருந்தா ஓடி வந்திருப்பாரு."

அவள் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தாள். கண்ணோரத்தில் வழிந்த தண்ணீர் காதுக்குள் போனது, அதை அவள் துடைக்கவில்லை. பிறகு புருஷனைப் பார்த்தாள். ஒன்பது நாள் தாடி, கசங்கிய சட்டை, கையில் மூடிய பிளாஸ்க்.

"காலைல இன்னா துன்ன?" என்று கேட்டாள்.

நாகபூஷணத்துக்கு அந்தக் கேள்வி நன்றாகக் கேட்டது. பிளாஸ்கின் மூடியைத் திறந்துகொண்டே கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.